கற்பூர மரக் காடு

தரையில் கிடக்கும் ஓர் இலையை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். ஊசி குத்தியதுபோல் தெரியும் சிறு புள்ளிகள்தாம் எண்ணெய்ப் பைகள். கசக்கினால் கை முழுக்கத் தைல வாசம். இளங்கன்றின் இலையோ வேறு மாதிரி: அகலமாக, சாம்பல் நீலப் பூச்சோடு, நாற்பட்டைத் தண்டில் எதிரெதிராக இருக்கும்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்தக் கற்பூர மரம் (யூக்கலிப்டஸ்) 1843-ல் நீலகிரிக்கு வந்தது. குடியேற்றங்கள் பெருகி, விறகுக்காகச் சோலைகள் வெட்டுப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. வேகமாக வளர்வதாலும், வெட்டிய அடிமரம் மறுபடி துளிர்ப்பதாலும் மலையெங்கும் நட்டார்கள். பின்னாளில் காகிதக் கூழுக்கும் செயற்கை இழைக்கும் இம்மரம் லாரி லாரியாக இறங்கியது.

தைலத்துக்கு மரத்தை வெட்ட வேண்டியதில்லை. உதிர்ந்த இலைகளைச் சாக்குகளில் பொறுக்கி வந்து, பெரிய கொப்பரையில் தண்ணீரோடு வேகவைக்கிறார்கள். குளிர்ந்த குழாய் வழியே இறங்கும் ஆவி நீராகிறது. அதன்மேல் தைலம் மிதக்கிறது. மலைக் குடும்பங்கள் பலவற்றுக்கு இது பிழைப்பு.

ஆனால் இந்த மரங்கள் நிற்குமிடம் பெரும்பாலும் பழைய புல்வெளி. மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்கு மெல்ல விட்டது அந்தப் புல்தான். நீலகிரியின் கிளன்மார்கனில் புல்வெளியில் இம்மரத்தை நட்டு அளந்தபோது, முதல் பத்தாண்டுகளில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. சோலையும் புல்லும் தந்ததை இந்தக் காடு தராது.

உதிர்ந்த இலையும் பட்டையும் எளிதில் பற்றிக்கொள்ளும். இங்கே தீ மூட்டாதீர்கள், புகைபிடிக்காதீர்கள்.