கவர் பண்றதுன்னா என்ன?

இந்த எபிசோட் முழுக்க ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பத்தித்தான். ஆனா அது இங்கிலீஷ்னே நம்ம ஊர்ல யாரும் நினைக்கிறதில்ல. கவர்.

நான் நிருபரா சேர்ந்த புதுசு. சூளகிரி வீட்டுக்கு ஃபோன் பண்ணி, "அவ்வா, வர லேட்டாகும், கவரிங் இருக்கு"ன்னேன். "எதுக்குடா கவரிங்? பத்து நாள்ல கறுத்துடும், காசு சேர்த்துத் தங்கமாவே வாங்கிக்கோ"ன்னாங்க.

அவங்க மேல தப்பில்ல. மளிகைக் கடையில கவர்னா பை. 2019 ஜனவரி 1-ல பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தும் "ஒரு கவர் குடுங்கண்ணா" மட்டும் போகல. தபால் ஆபீஸ்ல கவர்னா உறை. பத்தாததுக்குத் தமிழ்லயே 'கவர்'னு ஒரு வினைச்சொல் இருக்கு. ஈர்க்கிறதுக்கும் அதுதான், பறிச்சுக்கிறதுக்கும் அதுதான். இங்கிலீஷ் கவருக்கு அது சொந்தம் இல்ல. சத்தம் ஒத்துப்போச்சு, அவ்வளவுதான்.

செய்தி ஆபீசுக்குள்ள போனா இன்னும் குழப்பம். இங்கிலீஷ்ல அந்த வார்த்தையோட அடிப்படை அர்த்தம் மூடுறது. ஆனா நிருபர் ஒரு போராட்டத்தை 'கவர் பண்ணா' அது மூடுறதில்ல, வெளியே கொண்டு வர்றது. ஒரு ஏரியாவை விட்டுப்போகாம முழுசா பார்க்கிறதுக்கும் கவர்னு ஒரு அர்த்தம் உண்டு; செய்தியில புழங்குறது அது. வார இதழ்ல கவர் ஸ்டோரின்னா அட்டையில வர்ற கட்டுரை. உளவாளிக்குக் கவர் ஸ்டோரின்னா, தான் யாருன்னு மறைக்கச் சொல்ற பொய்க் கதை. சில சமயம் நிருபரே அந்தப் பொய்க் கதைக்குள்ள புகுந்துடுவார், அது அண்டர்கவர். 2001-ல தெஹல்கா ஆளுங்க ஆயுத வியாபாரிங்க மாதிரி நடிச்சு, அப்போ பா.ஜ.க. தலைவரா இருந்த பங்காரு லட்சுமணன் பணம் வாங்குறதைப் படம் பிடிச்சது அப்படித்தான்.

அப்புறம் கவரேஜ். எங்க ஊர்ப் பக்கத்துக்கு அது எப்ப கிடைக்கும் தெரியுமா? ரோடு நின்னா கிடைக்கும். 2023 பிப்ரவரி 2-ம் தேதி கோபசந்திரத்துல எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமாச்சுன்னு இளைஞர்கள் தேசிய நெடுஞ்சாலையில உட்கார்ந்தாங்க. கல்லெறி, கண்ணீர்ப்புகை. பெங்களூரு ரோடு மொத்தமும் நின்னுபோச்சு. அன்னிக்கு ஊர் ஊரா டிவியில சூளகிரிதான். சானமாவு காட்டுல யானைக் கூட்டம் வந்து தங்கி ராகியைத் தின்னுட்டுப் போனா, அது உள்ளூர்ப் பக்கத்துல ஒரு பத்தி.

கடைசியா, அகராதியில இல்லாத கவர்.

என் முதல் பிரஸ் மீட். யாரு நடத்தினதுன்னு சொல்லப்போறதில்ல. முடிஞ்சதும் ஒரு ஃபைல் குடுத்தாங்க. உள்ள பத்திரிகைக் குறிப்பு, பேனா, ஒட்டாத ஒரு வெள்ளைக் கவர். கவர்ல ஐந்நூறு ரூபாய். பக்கத்துல இருந்த அண்ணாவைப் பார்த்தேன். "வச்சுக்கோ தம்பி, பெட்ரோலுக்கு"ன்னார்.

அவரைத் திட்டுறது ஈஸி. அவர் ஸ்ட்ரிங்கர். மாசச் சம்பளம் கிடையாது, அச்சான செய்திக்குத்தான் காசு. ஓசூர்ல இருந்து சூளகிரி 25 கிலோமீட்டர் பக்கம். போயிட்டு வந்த செய்தி வரலைன்னா பெட்ரோல் அவர் கணக்கு. நிறுவனம் குடுக்காத சம்பளத்தை நிகழ்ச்சி நடத்துறவன் குடுக்கிறான். இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்ல. நைஜீரியாவுல இதுக்குப் பேரு பழுப்புக் கவர், இந்தோனேசியாவுல 'அம்ப்ளாப்', அதுக்கும் உறைன்னுதான் அர்த்தம்.

பெரிய இடத்துல கவர் கை மாறாது, ஒப்பந்தம் கை மாறும். தேர்தல் நேரத்துல காசுக்குச் செய்தி போட்டதைப் பத்தி, இந்திய பிரஸ் கவுன்சிலோட துணைக்குழு 2010-ல 71 பக்க அறிக்கை எழுதுச்சு, பத்திரிகைகளோட பேரையும் சொல்லி. கவுன்சில் வெளியிட்டது ஒரு சுருக்கத்தைத்தான். 2011-ல மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவு போட்ட பிறகுதான் முழு அறிக்கை வெளியே வந்துச்சு. பத்திரிகையைக் கவர் பண்ணின அறிக்கையையே கவர் பண்ணி வச்சிருந்தாங்க. இந்த வாக்கியத்துல முதல் கவரும் ரெண்டாவது கவரும் ஒண்ணில்ல, கவனிச்சீங்களா?

நான் அந்த ஐந்நூறைத் திருப்பிக் குடுக்கல. அதைச் சொல்லாம இந்த எபிசோடை முடிச்சா சரியா இருக்காது.

அதே வாரம் ஊருக்குப் பக்கத்துல ஒருத்தர், பறிச்ச கூலிக்கே கட்டலைன்னு தக்காளியை ரோட்டோரம் கொட்டிக்கிட்டு இருந்தார். படம் எடுத்தேன், பேசினேன். கிளம்புறப்போ, "இது பேப்பர்ல வர எவ்வளவு கவர் வைக்கணும்பா?"ன்னு கேட்டார். கிண்டல் இல்ல, நிஜமாவே விலை கேட்டார்.

ஒண்ணும் வேண்டாம்ணான்னு சொல்லிட்டு வந்து எழுதிக் குடுத்தேன். பிரஸ் மீட் செய்தி படத்தோட வந்துச்சு. தக்காளி வரல.