ஜன்னல் மாற்றப் போகிறீர்களா? கொஞ்சம் கணக்குப் போடுங்கள்!

பழைய வீட்டில் குடியிருக்கும் நமக்கு ஐப்பசி, கார்த்திகை வந்தாலே ஒரு தொல்லை. மழையில் மரம் ஊறி ஜன்னல் கதவு மூடாது, மூடினால் திறக்காது. சித்திரை வந்தால் அதே கதவு சுருங்கி, இடுக்கு வழியே புழுதியும் அனலும் உள்ளே வரும். போதாததற்குக் கரையான் வேறு. "பேசாம எல்லாத்தையும் மாத்திடலாங்க" என்று ஒரு நாள் சொல்லிவிடுகிறோம். அப்புறம்தான் வேலையே ஆரம்பம்.

சென்னைப் புறநகரில் 1986ல் கட்டிய எங்கள் வீட்டுக்கு மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். மூன்றும் மூன்று பாஷை பேசின. ஒருவர் சதுர அடிக்கு ரேட் போட்டார், ஒருவர் ஜன்னலுக்கு இவ்வளவு என்றார், மூன்றாமவர் மொத்தமாக ஒரு தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டார். இதை வைத்துக்கொண்டு எது மலிவு என்று எப்படிச் சொல்வது? அப்போது தெரிந்துகொண்ட விஷயங்களை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் எது கெட்டிருக்கிறது?

ஒரு ஸ்குரூ டிரைவரால் ஜன்னல் நிலையின் அடிப்பக்கத்தைக் குத்திப் பாருங்கள். மரம் கெட்டியாக இருந்தால் நிலையை எடுக்கவே வேண்டாம். கதவை மட்டும் மாற்றினால் போதும். செலவு பெருமளவு குறையும். குத்தினால் 'பொசுக்'கென்று உள்ளே போனால் மட்டும் முழு ஜன்னலையும் மாற்றுங்கள். பழசு தேக்கு மரமாக இருந்தால் அதற்கு விலை உண்டு. "நாங்களே எடுத்துட்டுப் போயிடறோம்மா" என்று உதவி போலச் சொல்வார்கள். அந்த மரம் யாருக்கு என்பதை முன்னாலேயே பேசிவிடுங்கள்.

காற்று வேண்டாமா?

இப்போது எல்லோரும் தள்ளு ஜன்னல்தான் கேட்கிறோம். பார்க்க அழகு, இடமும் அடைக்காது. ஆனால் இரண்டு கதவுள்ள தள்ளு ஜன்னலில் ஒரு நேரத்தில் பாதிதான் திறக்கும். 5 அடிக்கு 4 அடி ஜன்னல் என்றால் 20 சதுர அடி. காற்று வருவது 10 சதுர அடியில்தான். கொசுவலை போட்டால் அதிலும் குறையும்.

மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018ல் புதிய குடியிருப்புகளுக்காக 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதிமுறையைக் கொண்டு வந்தது. சென்னை போன்ற புழுக்கமான ஊர்களில், திறக்கக் கூடிய ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது அது. 12 அடிக்கு 10 அடி அறைக்கு 20 சதுர அடி திறப்பு வேண்டும். நம் பழைய வீட்டுக்கு இது கட்டாயமில்லை. ஆனால் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாமே! படுக்கை அறைக்கு முழுதும் திறக்கும் கீல் வைத்த ஜன்னலே மேல்.

வெயிலின் கணக்கு

எங்கள் மாமியார் படுக்கும் அறை மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கு மேல் அங்கே உட்கார முடியாது. "ரெட்டைக் கண்ணாடி போட்டுடுங்கம்மா, கரண்ட் பில் பாதியாயிடும்" என்றார் ஒரு விற்பனையாளர். பாதியாகுமா?

வெயிலில் நூறு பங்கு வெப்பம் கண்ணாடி மேல் பட்டால் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. எஸ்.எச்.ஜி.சி. என்பார்கள். சாதாக் கண்ணாடிக்கு அது 0.8 வாக்கில் இருக்கும். அதாவது 80 பங்கு உள்ளே வந்துவிடும். சாதாக் கண்ணாடியையே இரண்டாகப் போட்டால் 0.7 வாக்கில்தான் இறங்கும். குளிர் தேசத்தில் உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாமல் காக்க இரட்டைக் கண்ணாடி பெரிய உதவி. நமக்கோ தொல்லை நேர் வெயில். வெப்பத்தைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி என்றால் 0.4, அதற்கும் கீழே கிடைக்கும். ஆகவே "எத்தனை கண்ணாடி" என்று கேட்காதீர்கள்; "எஸ்.எச்.ஜி.சி. எவ்வளவு" என்று கேளுங்கள்.

20 சதுர அடி மேற்கு ஜன்னலில் சதுர மீட்டருக்கு 500 வாட்ஸ் வெயில் அடிப்பதாக வைத்துக்கொள்வோம். சாதாக் கண்ணாடி வழியே சுமார் 740 வாட்ஸ் உள்ளே வரும். 750 வாட்ஸ் இஸ்திரிப் பெட்டியை அறையில் போட்டு வைத்தது போல! 0.4 கண்ணாடி போட்டால் அது பாதியாகும். அறைக்குப் பெரிய சுகம்தான். ஆனால் ஏ.சி. ஒரு யூனிட் கரண்டில் மூன்று யூனிட்டுக்கும் மேல் வெப்பத்தை வெளியேற்றி விடுகிறது. அதனால் தினம் மூன்று மணி நேர வெயில் என்றால், மிச்சமாவது மாதம் பத்துப் பதினோரு யூனிட். பில் பாதியாகாது.

இதையே மலிவாகச் செய்ய வழி உண்டு. வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே, வெளிப்பக்கம் மூங்கில் தட்டி தொங்க விடுங்கள். உள்ளே திரை போடுவதை விட இது பல மடங்கு பலன் தரும். கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட வெப்பத்தைத் திரை என்ன செய்யும்? நாங்கள் மேற்கு ஜன்னல் ஒன்றுக்கு மட்டும் பூச்சுக் கண்ணாடி போட்டு, தட்டியும் கட்டினோம். மற்ற மூன்றுக்கும் சாதாக் கண்ணாடிதான். மாமியார் இப்போது மத்தியானம் தன் அறையிலேயே படுக்கிறார்.

கறுப்புக் கண்ணாடி வேண்டாம். பட்டப்பகலில் லைட் போட வேண்டி வரும்.

கொட்டேஷனைப் படிப்பது எப்படி?

நீங்களே ஒரு தாளில் ஜன்னல் அளவு, கண்ணாடி கனம், கொசுவலை, கிரில் எல்லாம் எழுதி, எல்லோருக்கும் அதே தாளைக் கொடுங்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும். ஓர் உதாரணம் பாருங்கள். மொத்தம் 80 சதுர அடி.

முதல் ஆள் சதுர அடிக்கு ரூ.750, எல்லாம் அடக்கம் என்கிறார். ரூ.60,000.

இரண்டாம் ஆள் ரூ.560 என்கிறார். ரூ.44,800. ஆகா, மலிவு! ஆனால் கொசுவலை சதுர அடிக்கு ரூ.70 தனி, ரூ.5,600. பழைய ஜன்னலை எடுத்துப் பூசித் தர நான்குக்கும் ரூ.4,800. ஆக ரூ.55,200. இதன் மேல் 18 சதவீதம் வரி ரூ.9,936. கூட்டினால் ரூ.65,136! எது மலிவு?

சின்ன வென்டிலேட்டருக்குக் 'குறைந்தபட்சம் இத்தனை சதுர அடி' என்று கணக்குப் போடுவதும் உண்டு. அதையும் கேளுங்கள். யு.பி.வி.சி. என்றால் சட்டத்துக்குள் இரும்புச் சட்டம் வைத்திருக்கிறார்களா என்று வெட்டிய துண்டு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

குழந்தை இருக்கும் வீடா?

இதை மறக்கவே கூடாது. பழைய மர நிலையிலேயே கம்பி இருக்கும். நிலையை எடுத்தால் கம்பியும் போய்விடும். புது ஜன்னல் கம்பியில்லாமல் வரும். கிரில் தனிச் செலவு. கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம். கிரில் மாட்டும் வரை மாடி அறையில் குழந்தையைத் தனியே விடாதீர்கள். தாழ்வான ஜன்னலுக்கு டஃபன்டு கண்ணாடி போடுங்கள். உடைந்தாலும் கத்தி போலச் சிதறாமல் சிறு துண்டுகளாக உதிரும்.

பணம் கொடுக்கும் முன்

முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்க வேண்டாம். ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள். வேலை முடிந்ததும் வெளிப்பக்கம் நின்று ஒரு பக்கெட் தண்ணீரைக் கண்ணாடி மேல் வீசுங்கள். தள்ளு ஜன்னலின் அடிச்சட்டத்தில் தண்ணீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்க வேண்டும். தண்ணீர் அவற்றின் வழியே வெளியே போகிறதா, உள்ளே சுவரில் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் அவர்கள் இருக்கும்போதே சரி செய்யச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மீதியைக் கொடுத்து, உத்தரவாதச் சீட்டையும் பில்லையும் வாங்கி பீரோவில் வையுங்கள்.