கரிசல் காட்டில் ஃபோர் வீல் டிரைவ் டிராக்டர்: கவிழாமல் ஓட்ட என்ன செய்ய வேண்டும்?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் காட்டு வேலைக்கு ஆள் கிடைப்பது எவ்வளவு சிரமம் என்பது உங்களுக்கே தெரியும். பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்று வேலை இருக்கும்போது வெயிலில் வர யாருக்கு மனம் வரும்? அதனால் 50 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள ஃபோர் வீல் டிரைவ் டிராக்டர்களைப் பலரும் வாங்குகிறார்கள். வாங்கியவர்களில் பலர் "நாலு சக்கரமும் இழுக்குது, இனிமே வண்டி கவிழாது" என்று நம்புகிறார்கள். அது சரியல்ல. ஃபோர் வீல் டிரைவ் இழுவையைக் கூட்டும். கவிழ்வதைத் தடுக்காது.

டிராக்டரின் முன் அச்சை ஒருமுறை குனிந்து பாருங்கள். மேடு பள்ளத்துக்கு ஏற்ப அது நடுவில் ஒரே இடத்தில் ஆடும்படி பொருத்தப்பட்டிருக்கும். ஆகவே தரையில் நான்கு சக்கரம் இருந்தாலும், தாங்குவதைப் பொறுத்தவரை டிராக்டர் ஒரு முக்காலிதான்: பின் சக்கரங்கள் இரண்டு, முன் அச்சின் நடு ஒன்று. வண்டியின் எடை மையம் இந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை பயமில்லை. சரிவில் பக்கவாட்டாக ஓட்டும்போதும், வேகமாகத் திருப்பும்போதும் அது வெளியே தள்ளப்படுகிறது. 10 கிலோமீட்டர் வேகத்தில் திருப்புவதற்கும் 20 கிலோமீட்டரில் திருப்புவதற்கும் வெளியே தள்ளும் விசை இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு வேறுபடும்.

பின் சக்கர அகலத்தை மாற்றிக்கொள்ள பெரும்பாலான டிராக்டர்களில் வசதி உண்டு. வரிசைப் பயிருக்குள் ஓட்ட வேண்டிய தேவை இல்லாத நாட்களில் அகலத்தைக் கூட்டி வைப்பது நல்லது. இதற்குச் செலவு இல்லை, மெக்கானிக்குக்கு அரை நாள் வேலைதான். பின் டயர்கள் இரண்டிலும் காற்று ஒரே அளவாக இருக்கட்டும்.

அடுத்து எடை. ஆறடி ரோட்டவேட்டர் 400 முதல் 500 கிலோ வரை இருக்கும். அதைத் தூக்கியபடி வரப்பு ஏறினால் முன்பக்கம் லேசாகிவிடும், ஸ்டியரிங் பிடிக்காது. மொத்த எடையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரத்தில் இருக்க வேண்டும். கருவியைத் தூக்கிக்கொண்டு மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஸ்டியரிங் ஒடித்த பக்கம் போகாமல் வண்டி நேராக வழுக்கினால் முன்பக்கம் எடைக்கட்டி மாட்ட வேண்டும் என்று பொருள். சாலையில் போகும்போது கருவியைத் தரையில் இடிக்காத அளவுக்கு மட்டும் தூக்கினால் போதும்.

பின் டயரில் தண்ணீர் நிரப்புவது எடையைக் கீழே கொண்டுவர எளிய வழி. வால்வை மேல்பக்கம் நிறுத்தி, அந்த மட்டம் வரை நிரப்பினால் சுமார் முக்கால் பாகம் நிறையும். 13.6-28 டயர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 லிட்டர் பிடிக்கும். குளிர் நாடுகளில் உறையாமல் இருக்க உப்பு கலப்பார்கள், நமக்கு அது தேவையில்லை.

இனி உயிரை எடுக்கும் விஷயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் களியாகி வண்டி புதைந்தால், சக்கரத்தில் கட்டையைச் சங்கிலியால் கட்டி முன்னால் ஏற்றுவது நம் ஊர்ப் பழக்கம். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். சக்கரம் சுற்ற முடியாமல் பூட்டிக்கொண்டால், என்ஜினின் விசை வண்டியின் உடலைப் பின் அச்சைச் சுற்றித் தூக்கும். முன்பக்கம் எழும்பி ஓட்டுநர் மேல் மல்லாக்க விழ ஒன்றரை விநாடி போதும். கிளட்ச் மிதிக்கக்கூட நேரம் இருக்காது. முதலில் ரிவர்ஸில் எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் சக்கரத்தைச் சுற்றித் தோண்டிவிட்டு, வேறு வண்டி வைத்து இழுங்கள். இழுக்கும் வண்டியில் சங்கிலியைக் கீழ்க் கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டாப் லிங்கிலோ பின் அச்சிலோ மாட்டினால் அந்த வண்டியும் இதே போல மல்லாக்கும்.

கண்மாயிலிருந்து வண்டல் அடிப்பவர்கள் கரையின் ஓரத்தை நம்பக் கூடாது. காய்ந்தால் வெடிக்கும் கரிசல், நனைந்தால் சரியும். பள்ளம் எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது விலகி ஓட்டுங்கள். கரையிலிருந்து இறங்கும்போது ஃபோர் வீல் லீவரைப் போட்டே இறங்குங்கள். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரத்தில்தான் இருக்கிறது. லீவர் போட்டால் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி, வண்டியைக் குறுக்கே மடக்கிவிடும். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

தார்ச் சாலைக்கு வந்ததும் ஃபோர் வீலை எடுத்துவிடுங்கள். முன் சக்கரம் சற்றே வேகமாகச் சுற்றும்படி அமைக்கப்பட்டிருப்பதால் கெட்டித் தரையில் டயர் தேயும், ஸ்டியரிங் கனக்கும். அதே காரணத்தால் டயர் மாற்றும்போது கம்பெனி சொன்ன அளவையே போடுங்கள். டிஃபரன்ஷியல் லாக்கைத் திருப்புவதற்கு முன் விடுவிக்க வேண்டும். சாலையில் இரண்டு பிரேக் பெடலையும் கட்டாயம் இணைத்துப் பூட்டுங்கள். ஒரு பக்க பிரேக் மட்டும் பிடித்தால் வேகத்தில் வண்டி சுழன்று கவிழும். மட்கார்டில் ஆள் உட்காருவதும், பாரம் ஏற்றிய டிரெய்லர் மேல் கூலியாட்களை ஏற்றுவதும் வேண்டாம்.

புது வண்டி வாங்குவோர், கவிழ்ந்தாலும் நசுங்காத இரும்புப் பாதுகாப்புச் சட்டம் உள்ளதா என்று டீலரிடம் கேளுங்கள். ஸ்வீடன் நாட்டில் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள். அதன்பின் அங்கே டிராக்டர் கவிழ்ந்து இறப்பவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். வெயிலுக்குப் போடும் கூரை இதற்கு ஈடாகாது. சட்டம் உள்ள வண்டியில் சீட் பெல்ட் போட்டே ஓட்ட வேண்டும். சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் போடக் கூடாது.