குப்பைக்குழியில் கிடைக்கும் வரலாறு: பழைய பாட்டில் தேடல்

பழைய பாட்டில்களைத் தோண்டி எடுத்துச் சேர்ப்பது பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் வேரூன்றிய ஒரு பொழுதுபோக்கு. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வீடுகளும் கடைகளும் தூக்கி எறிந்த சோடா, மருந்து, மை, மது, ஊறுகாய்ப் பாட்டில்கள்தான் இவர்கள் தேடும் பொருள். அமெரிக்காவில் இந்தப் பொழுதுபோக்கு சங்கமாகத் திரண்டது கலிபோர்னியாவில். 1959இல் சாக்ரமென்டோ நகரில் சேகரிப்பாளர் சங்கம் ஒன்று தொடங்கியது. தங்கச் சுரங்கக் காலத்தில் முளைத்துப் பின்னர் ஆளில்லாமல் போன ஊர்கள் அவர்களுக்கு முதல் களமாயின. பிரிட்டனில் இது 1970களில் பரவியது.

ஏன் அந்தக் காலத்துப் பாட்டில்?

தேடப்படும் பாட்டில்களில் பெரும்பாலானவை 1840களுக்கும் 1920களுக்கும் இடைப்பட்டவை. அதற்கு முன் கண்ணாடி விலை உயர்ந்த பொருள். பிரிட்டனில் கண்ணாடிக்கு விதிக்கப்பட்டிருந்த கலால் வரி 1845இல் நீக்கப்பட்ட பிறகே பாட்டில் மலிவானது. காலியான பாட்டிலைத் தூக்கி எறியும் பழக்கம் சாதாரணக் குடும்பங்களுக்கும் வந்தது. மறுமுனையில், 1903இல் அமெரிக்கரான மைக்கேல் ஓவன்ஸ் முழுத் தானியங்கிப் பாட்டில் இயந்திரத்தை உருவாக்கினார். அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் கைவேலை மறைந்து, எல்லாப் பாட்டில்களும் ஒரே மாதிரி ஆயின. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் நடுவே, ஏராளமாகவும் ஆனால் ஒவ்வொன்றும் கைவேலையின் தடத்தோடும் செய்யப்பட்ட பாட்டில்களே மண்ணுக்குள் கிடக்கின்றன.

எங்கே தோண்டுகிறார்கள்?

பிரிட்டனில் முதன்மையான இடம் விக்டோரியா காலத்து நகராட்சிக் குப்பைக் கிடங்கு. 1875ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்துக்குப் பின் வீட்டுக் குப்பையை அகற்றுவது உள்ளாட்சிகளின் வேலையாக நிலைபெற்றது. கைவிடப்பட்ட கல் குவாரிகள், செங்கல் சூளைக்காரர்கள் மண் எடுத்த பள்ளங்கள், ஆற்றோரச் சதுப்புகள் ஆகியவை குப்பையால் நிரப்பப்பட்டன. லண்டன் குப்பை தோணிகளில் ஏற்றப்பட்டு, தேம்ஸ் ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள எசெக்ஸ் சதுப்புகளில் கொட்டப்பட்டது. வீடுகளில் நிலக்கரி எரித்த காலம் என்பதால் அந்தக் குப்பையில் பெரும்பங்கு சாம்பல். சாம்பல் பொலபொலவென்று இருப்பதால் தோண்டுவது எளிது; பாட்டில்கள் கொட்டும்போது அதிகம் உடையாமலும் அதுவே காத்தது.

அமெரிக்க நகரங்களில் நிலைமை வேறு. அங்கே புகழ் பெற்றது பழைய கழிப்பறைக் குழி. சாக்கடைக் குழாய் வருவதற்கு முன், கொல்லைப்புறத்தில் செங்கல்லோ மரமோ பதித்த ஆழமான குழிகள் இருந்தன. வீட்டுக்காரர்கள் உடைந்த பாத்திரங்களையும் காலிப் பாட்டில்களையும் அதிலேயே போட்டார்கள். குடித்ததை மறைக்க விரும்பியவர்களுக்கும் அது வசதியான இடம். நூறு ஆண்டுகளுக்கு மேலானதால் கழிவு மட்கி மண்ணாகிவிட்டது. இந்தக் குழிகளைக் கண்டுபிடிக்க, சான்போர்ன் நிறுவனம் 1867 முதல் தீக்காப்பீட்டுக்காக வரைந்த நகர வரைபடங்கள் உதவுகின்றன. எந்த மனையில் எந்தக் கட்டடம் எங்கே நின்றது என்பது அவற்றில் தெரியும்.

இடம் தெரிந்ததும், முனையில் சற்றுப் பருத்த நீண்ட எஃகுக் கம்பியை மண்ணில் இறக்கிப் பார்க்கிறார்கள். தொடாத மண் கெட்டியாகத் தடுக்கும். ஒருமுறை தோண்டி மூடிய மண்ணில் கம்பி எளிதாக இறங்கும். கண்ணாடியில் பட்டால் சத்தமும் கையில் படும் அதிர்வும் வேறு. அனுபவசாலிகள் இதை வைத்தே சாம்பல், கண்ணாடி, செங்கல் மூன்றையும் பிரித்தறிகிறார்கள். பாட்டில் தென்பட்டதும் மண்வெட்டியை ஒதுக்கிவிட்டுச் சிறு கரண்டியாலும் கையாலும் சுற்றிலும் மண்ணை எடுப்பது வழக்கம். தலை தெரிந்தவுடன் பிடித்து இழுத்தால் கழுத்து கையோடு வந்துவிடும்.

பாட்டிலின் வயதை அறிவது

பாட்டில் தன் வயதை மூன்று இடங்களில் காட்டும்: அடி, பக்கவாட்டுத் தையல் கோடு, வாய்.

ஊதிய பாட்டிலின் வாயைச் சீராக்க, அதன் அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடிப்பார்கள். வேலை முடிந்து கம்பியைத் தட்டிப் பிரிக்கும்போது அடியில் சொரசொரப்பான வடு நிற்கும். இந்த வடு உள்ள பாட்டில்கள் பெரும்பாலும் 1860களுக்கு முந்தியவை. அதன்பின் பாட்டிலைச் சுற்றிப் பிடிக்கும் கவ்வி பரவியதால் வடு மறைந்தது.

இரண்டு பாதியாகத் திறக்கும் அச்சுக்குள் ஊதினால், அச்சின் பொருத்துக் கோடு பாட்டிலின் பக்கத்தில் பதியும். கையால் வாய் வைத்த பாட்டிலில் அந்தக் கோடு கழுத்திலேயே நின்றுவிடும்; இயந்திரப் பாட்டிலில் வாயின் விளிம்பு வரை ஏறும். இந்த விதிக்கு விலக்கும் உண்டு. அச்சுக்குள் வைத்துச் சுழற்றிய ஒயின் பாட்டில்களில் கோடு தேய்ந்து, தையலே இல்லாததுபோல் தோன்றும். ஓவன்ஸ் இயந்திரப் பாட்டிலின் அடியில், நடுவிலிருந்து சற்று விலகிய வட்டத் தழும்பு இருக்கும். உருகிய கண்ணாடியை உறிஞ்சி எடுத்து வெட்டியதன் அடையாளம் அது.

நிறமும் சாட்சி சொல்லும். மணலில் கலந்த இரும்பு கண்ணாடிக்கு இளநீலப் பச்சை தரும். அந்தச் சாயலைப் போக்க மாங்கனீசு சேர்த்தார்கள். அப்படிச் செய்த பாட்டில் பல ஆண்டு வெயிலில் கிடந்தால் இளம் ஊதாவாக மாறும். மாங்கனீசுக்குப் பதில் செலினியம் பயன்பட்ட பாட்டில்களில் வைக்கோல் நிறம் தெரியும். கோபால்ட் சேர்த்தால் கருநீலம். கண்ணாடியில் பொறித்த எழுத்தும் காலத்தைக் குறுக்கித் தரும். அமெரிக்க மது பாட்டில்களில் மறுவிற்பனையையும் மறுபயன்பாட்டையும் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது என்ற வாசகம் இருந்தால், அது 1935க்கும் 1964க்கும் இடைப்பட்ட ஏற்பாட்டைச் சேர்ந்தது.

இத்தகைய கணிப்புகளைச் சரிபார்க்க, தேதி உறுதியாகத் தெரிந்த புதையல்கள் துணை நிற்கின்றன. 1865 ஏப்ரல் 1 அன்று மிசௌரி ஆற்றில் மூழ்கிய பெர்ட்ராண்ட் என்ற நீராவிப் படகு அவற்றில் முக்கியமானது. அதில் பாதரசம் இருப்பதாக நம்பித் தேடியவர்கள் 1968இல் படகைக் கண்டுபிடித்தார்கள். எதிர்பார்த்த செல்வம் கிடைக்கவில்லை. மாறாக, சரக்கறையில் பெட்டி பெட்டியாக மருந்து, மது, ஊறுகாய்ப் பாட்டில்கள் உள்ளே இருந்த பொருளோடு கிடைத்தன. 1865இல் எந்த வகைப் பாட்டில் புழக்கத்தில் இருந்தது என்பதற்கு அது இன்றும் அளவுகோல்.

கோலி சோடாவும் விஷச் சீசாவும்

சேகரிப்பாளர்கள் பொதுவாக ஏதாவது ஒரு வகையைப் பிடித்துக்கொள்கிறார்கள். சோடாப் பாட்டில்களில் வாயுவை அடைத்து வைக்கச் செய்த முயற்சிகளின் வரிசையே ஒரு தனிக் கதை. ஹாமில்டன் பெயரால் அறியப்படும் முட்டை வடிவப் பாட்டிலை நிமிர்த்தி வைக்க முடியாது. படுத்தே கிடக்க வேண்டும். அதனால் தக்கை நனைந்தபடி ஊறி இறுக்கமாக நிற்கும். இங்கிலாந்தைச் சேர்ந்த ஹைரம் காட் 1870களின் தொடக்கத்தில் தக்கையையே ஒழித்தார். கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி. வாயில் ஒரு ரப்பர் வளையம். பாட்டிலைக் கவிழ்த்து நிரப்பினால் வாயுவின் அழுத்தம் கோலியை வளையத்தில் அழுத்தி அடைத்துவிடும். ஊற்றும்போது கோலி மீண்டும் வாய்க்கு உருளாமல் கழுத்தின் நெளிவு தடுக்கும்.

தமிழ்நாட்டில் கோலி சோடா என்று அறியப்படுவது இந்தப் பாட்டில்தான். 1892இல் வில்லியம் பெயின்டர் காப்புரிமை பெற்ற தகர மூடி பரவியதும் பிரிட்டனில் இது வழக்கொழிந்தது; இந்தியாவில் இன்னும் புழங்குகிறது. கோலிக்காகச் சிறுவர்கள் உடைத்துவிட்டதால், பிரிட்டனின் குப்பைக் கிடங்குகளில் முழுதாகக் கிடைப்பதைவிடக் கழுத்தில்லாமல் கிடைப்பவையே அதிகம். முழுக்கக் கருநீலக் கண்ணாடியில் செய்த கோலிப் பாட்டில்கள் மிக அரிதானவை. ஏலங்களில் அவற்றுக்குப் போட்டி கடுமை.

விஷச் சீசாக்கள் இன்னொரு பிரிவு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மருந்தென்று நினைத்து விஷத்தைக் குடித்துவிடாமல் இருக்க, அவற்றை அறுகோணமாகவும் வரிவரியாகவும் கருநீலத்திலும் பச்சையிலும் செய்தார்கள். இருட்டில் கைபட்டாலே தெரிய வேண்டும் என்பது நோக்கம். உள்ளே எடுக்கக் கூடாதது என்ற எச்சரிக்கையும் கண்ணாடியிலேயே பொறிக்கப்பட்டது.

அமெரிக்கச் சேகரிப்பில் பெரும்பங்கு சர்வரோக நிவாரணிகள். பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்று விற்ற திருமதி வின்ஸ்லோ சிரப்பில் மார்பின் இருந்தது. கசப்பு மருந்து என்ற பெயரில் விற்றவற்றில் பல, மூலிகை கலந்த சாராயம். மார்பின், சாராயம் போன்றவை கலந்திருந்தால் அதை லேபிளில் அறிவிக்க வேண்டும் என்று 1906ஆம் ஆண்டு உணவு மருந்துச் சட்டம் கட்டாயமாக்கியது.

சுத்தம், விலை, போலி

தோண்டிய பாட்டிலை உடனே வெந்நீரில் போட்டால் விரிசல் விடும். தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தேய்ப்பதே முதல் படி. ஈர மண்ணில் நெடுங்காலம் கிடந்த கண்ணாடியிலிருந்து காரப் பொருள்கள் கரைந்து வெளியேறி, மேற்பரப்பில் வானவில் நிறப் படலமோ வெண்மங்கலோ உண்டாகும். இது அழுக்கு இல்லை என்பதால் சோப்பால் போகாது. சிலர் செம்புக் கம்பித் துண்டுகளும் மெருகுத் தூளும் நிரப்பிய உருளையில் பாட்டிலை நாள்கணக்கில் சுழற்றிப் பளபளப்பாக்குகிறார்கள். பழைய மேற்பரப்பே போய்விடுகிறது என்று இதை ஏற்காதவர்களும் உண்டு.

வயது மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. அரிய நிறம், சிறிய ஊரின் பெயர், படம், விரிசலின்மை ஆகியவையே விலையை ஏற்றுகின்றன. எனவே ஏமாற்றும் உண்டு. தெளிந்த கண்ணாடியைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அடர் ஊதாவாக்கி விற்பது அதில் ஒரு வகை. இயற்கையான வெயில் அவ்வளவு அடர்ந்த நிறத்தைத் தருவதில்லை.

ஆபத்தும் சட்டமும்

தோண்டுவதில் முதல் ஆபத்து மண் சரிவு. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேலும் எடை கொண்டிருக்கலாம். இடுப்பளவு புதைந்தவரைக்கூட எளிதில் மீட்க முடியாது. சாம்பல் மேடு பொலபொலப்பானது என்பதால் பக்கவாட்டில் குடைவது மேலும் ஆபத்து. கண்ணாடி வெட்டு, டெட்டனஸ், குப்பையில் கலந்த ஈயம் ஆகியவற்றுக்கும் பாதுகாப்பு தேவை. மூடியோடு கிடைத்த பாட்டிலைத் திறக்கக் கூடாது. உள்ளே இருப்பது ஆர்செனிக்காகவும் இருக்கலாம்.

எங்கும் முதல் விதி நில உரிமையாளரின் அனுமதி. தேம்ஸ் கரையில் தேட லண்டன் துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும். அமெரிக்காவில் கூட்டாட்சி நிலங்களிலும் பழங்குடியினர் நிலங்களிலும் 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களை அனுமதியின்றி எடுப்பதை 1979ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

தொல்லியலாளர்களின் ஆட்சேபம் இன்னொரு கோணத்திலிருந்து வருகிறது. ஒரு கழிப்பறைக் குழியின் அடுக்குகள், அந்த வீட்டார் எந்தக் காலத்தில் எதைத் தின்றார்கள், எந்த நோய்க்கு எதை வாங்கினார்கள் என்று வரிசையாகச் சொல்லும். நல்ல பாட்டிலை மட்டும் பொறுக்கிவிட்டு மூடினால் அந்த வரிசை கலைந்துவிடும். அதனால் பொறுப்புள்ள சேகரிப்பாளர்கள் இடம், ஆழம், கூடவே கிடைத்த பொருள்கள் ஆகியவற்றைக் குறித்து வைக்கிறார்கள். உடைசல்களையும் பதிவு செய்கிறார்கள். வேலை முடிந்ததும் குழியை மூடி, மேல்மண்ணைப் பழையபடி பரப்புகிறார்கள்.