லாரிக்கு உடைமையாளர் ஆகும் முன்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் செல்வோர் காணும் காட்சி ஒன்று உண்டு. சூளையிலிருந்து இறங்கிய மின்சாரப் பீங்கான்களும், அகல் விளக்குகளும், பொம்மைகளும் வைக்கோலுக்கிடையே அடுக்கப்பெற்று வண்டி ஏறுகின்றன. முந்திரிக்கும் வேர்க்கடலைக்கும் பெயர் பெற்ற வட்டாரமும் இதுவே. ஆதலால் ஏற்றுவதற்குச் சுமை இல்லாத ஊர் என்று இதனை எவரும் கூறார். 'நாமே ஒரு லாரி வாங்கி நாமே ஓட்டினால் என்ன?' என்னும் எண்ணம் நம் இளைஞர்களுக்கு எழுவது இயல்பே.

சில மாதங்களுக்கு முன், நெசவாளர் அங்கத்தினர் ஒருவர் தம் மகனுடன் நம்மிடம் வந்தார். மகன் ஓராண்டு காலம் சிறு சரக்கு வண்டி ஓட்டியவர். கனரக வாகன உரிமம் புதிதாகப் பெற்றவர். பழைய லாரி ஒன்றுக்கு 12 இலட்சம் ரூபாய் கடன் கிடைக்கும் என்றும், வீட்டுப் பத்திரத்தை ஈடு வைக்க வேண்டும் என்றும் கூறினர்.

"தம்பி, முழுச் சுமையோடு மலைப்பாதையில் இறங்கியதுண்டா?" என்று வினவினோம்.

"இல்லை சார்."

"டயர் கழற்றி மாட்டியதுண்டா?"

"கூட நின்று பார்த்திருக்கிறேன்."

விடை நேர்மையானது. ஆனால் வீட்டுப் பத்திரம் அந்த விடையின் மேல் நிற்கவிருந்தது.

சட்டம் என்ன கூறுகிறது என்பதை முதலில் காண்போம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருத்தல் வேண்டும். இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டு ஆன பின்னரே போக்குவரத்து வாகனத்துக்கான பழகுநர் உரிமம் பெறலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியை இலகுரக உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது. எனினும் உரிமம் என்பது தேர்வில் தேறியதற்குச் சான்றே அன்றித் தொழில் கைவந்ததற்குச் சான்று அன்று.

பெங்களூரிலிருந்து சேலம் வழியாக நம் ஊருக்குத் திரும்பும் லாரி, தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். அங்கே பிரேக்கை மட்டும் நம்பி இறங்குபவன் அது சூடேறிப் பிடிக்காமற்போகும் ஆபத்துக்கு உள்ளாவான். சுமையுடன் மேட்டில் ஏறுவதற்குரிய தாழ்ந்த கியரிலேயே இறங்குதல் வேண்டும். இதனைச் சொல்லிக் கொடுப்பது எளிது. கைக்குப் பழக்குவது கடினம். பீங்கான் சுமையோ ஒவ்வொரு பள்ளத்துக்கும் கணக்குக் கேட்கும். உடைந்த சரக்கின் விலையை வாடகையில் கழித்துக் கொள்வதும் உண்டு.

சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரங்கள் லாரித் தொழிலில் நாடறிந்தவை. வானம் பார்த்த அப்பூமியில் பலர் முதலில் கிளீனராக ஏறினர். பின்பு ஓட்டுநர் ஆயினர். அதன் பின்னரே, பலவேளை உறவினருடன் பங்கு சேர்ந்து, உடைமையாளர் ஆயினர். கிளீனராக இருந்த காலத்தில் தார்ப்பாய் கட்டவும், டயரின் ஓசை கேட்டே அதன் குறை அறியவும், எந்த ஊரில் எவர் வாடகையை உடனே தருவார் என்று தெரியவும் கற்றனர். சம்பளம் பெற்றுக்கொண்டே கற்ற கல்வி அது.

பழைய லாரி வாங்கும் சிறு உடைமையாளர்க்குக் கடன் தருவதையே தொழிலாகக் கொண்டு 1979இல் சென்னையில் ஸ்ரீராம் போக்குவரத்து நிதி நிறுவனம் தொடங்கப்பெற்றது. அவ்வகைக் கடன் பல ஓட்டுநரை உடைமையாளர் ஆக்கியது உண்மை. ஆயின் கடன் பயன் தந்தது, தொழில் தெரிந்த கைக்கே.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 12 இலட்சம் ரூபாயை ஆண்டுக்கு 15 சதவீத வட்டியில் 48 மாதத் தவணையில் கட்டுவதாயின், மாதம் சுமார் 33,400 ரூபாய் ஆகும். மாதத்தில் 25 நாள் வண்டி ஓடினால், ஓடும் நாளொன்றுக்குத் தவணை மட்டும் 1,336 ரூபாய். டீசல், சுங்கம், டயர், தரகு, இன்சூரன்ஸ் ஆகியவை இதற்கு மேல். 8 ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். அந்நாட்களில் வண்டி நிற்கும், தவணை நிற்காது.

இதில்தான் பேராபத்து உள்ளது. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 8 மணி நேரமும் வாரத்துக்கு 48 மணி நேரமும் என்று வேலைக்கு வரம்பு கட்டியது. தனக்குத் தானே முதலாளியானவனுக்குத் தவணைத் தேதியே மேஸ்திரி. 'இன்னும் ஒரு நடை' என்று அவன் உறக்கத்தைக் கடத்துவான். பழகாத கையும் உறங்காத கண்ணும் ஒரே வண்டியில் ஏறினால் விளைவை விளக்க வேண்டுவதில்லை.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பது நம்மவர் அறிந்ததே. ஆகவே அவர்களுக்கு நாம் கூறியது இது: ஓராண்டு பிறர் லாரியில் இரண்டாம் ஓட்டுநராகச் செல்க. நடைதோறும் வரவு செலவை ஏட்டில் எழுதுக. ஆறு மாதத் தவணைக்கு ஈடான தொகையைச் சேமிப்பில் வைத்த பின், பழகிய சுமைக்கேற்ற சிறிய வண்டியில் தொடங்குக. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டிக்குச் சட்டப்படி பர்மிட்டும் தேவையில்லை. வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

மகனின் முகம் வாடியது. தந்தையார், "ஐயா, பையன் வயது போய்விடுமே" என்றார். "வயது போனால் ஓராண்டு; வீடு போனால் ஒரு தலைமுறை" என்றோம்.

சென்ற வாரம் அவ்விளைஞர் ஏட்டுடன் வந்தார். இரண்டாம் ஓட்டுநராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. முதல் மாதத்தில் அந்த லாரி ஓடியது 17 நாளே. எஞ்சிய நாட்கள் சுமைக்குக் காத்திருந்தும், பழுது பார்த்தும் கழிந்தன. கீழே அவரே கூட்டி எழுதியிருந்தார்: 'நம் கடனாக இருந்தால் நாளுக்கு 1,965 ரூபாய்.'

"சார், வாங்காமலே கற்றுக்கொண்டேன், ஆனாலும் வாங்குவேன்" என்றார். வாங்கட்டும். அன்று அவருக்குப் பரிந்துரை எழுதித் தர நாம் காத்திருக்கிறோம்.