முகமறியாரோடு பழகுதல்

ஒருவரை ஆராய்ந்த பின்னரே நம்புதல் வேண்டும் என்பதனைத் திருவள்ளுவர் ‘தெரிந்துதெளிதல்’ என்னும் 51ஆம் அதிகாரத்தில் விரித்துரைத்தார். அஃது அரசன் வினைசெய்வாரைத் தேர்தற்கு வகுத்த முறையாயினும், இணையத்தில் முகமறியாரோடு பழகும் இக்காலத்தார்க்கும் இன்றியமையாததாகின்றது.

உரும்பிராய் போன்ற யாழ்ப்பாணத்து ஊர்களில், புதியவன் ஒருவன் படலையில் வந்து நின்றால் எவ்வூரான், யார் மகன், இங்கு எவரை அறிவான் என வினவுதல் வழக்கம். இதனை வீண் விடுப்பு என்று இகழ்வாருமுளர். சாதி அறிதற்கும் அவ்வினாக்கள் பயன்பட்டமையால் அவ்விகழ்ச்சி முற்றும் பிழையன்று. ஆயினும் அதனுள் ஓர் அறிவும் உண்டு. வந்தவன் கூறியதனை அயலாரிடத்தும் அவனூர் உறவினரிடத்தும் கேட்டு ஒப்பிடலாம். அச்சான்றோர் அவனால் அழைத்து வரப்பட்டவரல்லர். இணையத்திலோ பெயர், படம், உத்தியோகம், நண்பர் கூட்டம் ஆகிய சான்றுகள் யாவும் அவனே சமைத்து வைப்பன.

1983ஆம் ஆண்டின் பின் இலண்டன், ரொறன்ரோ முதலிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்தோர் பலராதலின், கடல் கடந்து வரும் புதிய குரலும் இங்கு உறவின் குரலாகவே செவிப்படுகின்றது. வஞ்சகர்க்கு இது பெருவாய்ப்பு. முகநூலில் நட்பாகிய ‘வெளிநாட்டு வைத்தியர்’ சில கிழமைகள் அன்பொழுக உரையாடிப் பின் பரிசுப்பொதி அனுப்பியதாகக் கூறுவார். அடுத்துச் சுங்க உத்தியோகத்தர் என ஒருவர் பேசுவார். பொதியை விடுவித்தற்குரிய தீர்வையை ஒரு தனியாளின் வங்கிக் கணக்கில் இடுக என்பார். அரசிறை தனியாள் கணக்கிற்குச் செல்லாது என்னும் ஒன்றே பொய்யை வெளிப்படுத்தப் போதியதாகும். சுங்கத் திணைக்களத்தின் தொலைபேசி இலக்கத்தைத் தாமே தேடி வினவுதல் வேண்டும். பேசியவர் தந்த இலக்கத்திற்கு மீள அழைத்தல் அவரையே அவருக்குச் சான்றாக்குவதாம். இவ்வஞ்சனையும் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே, ஸ்பெயினிற் சிறைப்பட்ட செல்வரொருவரை மீட்க முன்பணம் வேண்டும் எனக் கடிதம் வரைந்து ஏமாற்றினர்.

சில வேளை அந்நியன் அறிந்தவர் வடிவிலே வருவான். வட்ஸ்அப் கணக்கைப் புதுக் கருவியில் திறத்தற்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று அனுப்பப்படும். தவறுதலாக வந்துவிட்டது, சொல்லுங்கள் எனக் கேட்பவனுக்கு அதனை உரைத்தால் கணக்கு அவன் கைப்படும். பின்பு உரியவர் பெயரால் உறவினரிடம் காசு கேட்பான். அவ்வாறு கேட்கப்பட்டவர் தமக்கு முன்னரே தெரிந்த இலக்கத்தில் அழைத்துப் பேசுக. முகமும் குரலும் இயந்திரத்தாற் போலியாக்கப்படுங் காலத்தில் காணொளியும் முடிந்த சான்றன்று.

மாணவர்க்கு நேரும் கேடு வேறு. அந்தரங்கப் படத்தைப் பெற்றுக்கொண்டு, அதனை வெளியிடுவேன் என அச்சுறுத்திப் பணம் கேட்பர். கொடுத்தால் மேலும் கேட்பரேயன்றி விடார். செய்திகளை அழிக்காது வைத்துப் பெற்றோர்க்கோ ஆசிரியர்க்கோ உரைத்தலே தக்கது. சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையை 1929 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையவழி மோசடியைக் குற்றமாக்கியுள்ளது. எனினும் பிள்ளை நாணி மறைப்பின் சட்டம் யாது செய்யும்? முதலிற் சினந்து வையும் பெற்றோரே அம்மறைவிற்குக் காரணராகின்றனர்.

எழுதுபவனும் சிறைப்பட்டவனாயிருத்தல் கூடும். இணையத்திற் கண்ட வேலை விளம்பரத்தை நம்பிச் சென்று, மியன்மாரின் மியாவடியில் அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் செய்திகளை எழுதுமாறு வருத்தப்பட்ட இலங்கையர் சிலர் 2024இல் மீட்கப்பட்டனர். அவர்க்கு வேலை தருவதாகக் கூறியவரும் முகமறியாரே.