மின்சாரத்தை எத்தனை முறை பிடுங்கலாம்?

பேருந்தில் நின்றுகொண்டே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைத் தட்டி அனுப்புகிறீர்கள். அதே நொடி பேட்டரி தீர்ந்து போன் அணைந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டுத் திறந்தால் பழைய உரையாடல்கள் எல்லாம் போட்டது போட்டபடி இருக்கின்றன. பாதி எழுதும்போதே விளக்கு அணைந்த கணக்கு நோட்டில் ஒரு கிறுக்கல்கூட இல்லாதது எப்படி என்று நாம் யோசிப்பதே இல்லை.

அந்த நோட்டின் பெயர் எஸ்க்யூலைட். செயலிகள் தங்கள் தரவைக் கோப்பில் எழுதிவைக்க உதவும் தரவுத்தளம்; சி மொழியில் எழுதப்பட்ட சிறிய லைப்ரரி. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருள் வேலையில் இருந்த ரிச்சர்ட் ஹிப், 2000-இல் இதை வெளியிட்டார். உரிமை எதுவும் கோராமல் பொதுச்சொத்தாக விட்டுவிட்டார்; யாரும் எடுத்துக்கொள்ளலாம், கேட்கக்கூட வேண்டாம். ஆண்ட்ராய்டு, ஐபோன், குரோம், பயர்பாக்ஸ் எல்லாவற்றுக்குள்ளும் இது இருக்கிறது.

2023 கணக்குப்படி லைப்ரரியின் நிரல் ஏறத்தாழ 1,56,000 வரிகள். அதைச் சோதிப்பதற்கென்று எழுதியவை 9 கோடியே 20 லட்சம் வரிகள். 590 மடங்கு! முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

இவ்வளவு எதற்கு? ஒரு சோதனையை அருகில் போய்ப் பார்த்தால் புரியும். சி மொழியில் நினைவகம் தானாக வராது. மால்லாக் என்னும் ஃபங்ஷனை அழைத்து, இத்தனை பைட் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். கேட்டால் அநேகமாகக் கிடைத்துவிடும். ‘இடமில்லை’ என்று பதில் வந்தால் என்ன செய்வது என்பதற்கும் நிரலில் சில வரிகள் எழுதித்தான் வைப்பார்கள். ஆனால் எழுதியவருடைய கணினியில் அந்தப் பதில் வருவதே இல்லை. ஆகவே அந்த வரிகள் முதன்முதலாக ஓடுவது எங்கோ ஒருவருடைய பழைய போனில், ஏதோ ஓர் இக்கட்டான நேரத்தில்.

அதற்காகப் பொய் மால்லாக் ஒன்றைச் செய்துவைத்திருக்கிறார்கள். முதல் தடவை கேட்டதுமே அது கைவிரிக்கும். லைப்ரரி விழுந்துவிடாமல், வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்து, பிழை என்று முறையாகச் சொல்லி வெளியேறுகிறதா என்று பார்ப்பார்கள். அடுத்து, முதல் தடவை கொடுத்துவிட்டு இரண்டாவதில் கைவிரிக்கும். பிறகு மூன்றாவதில், நான்காவதில். கைவிரிக்க வாய்ப்பே வராமல் வேலை முடிகிற வரை இந்தச் சுற்று ஓடும். முடிந்ததா? இல்லை. முதல் மறுப்புக்குப் பின் எதைக் கேட்டாலும் மறுத்துக்கொண்டே இருக்கும் மால்லாக்கோடு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள்.

மின்வெட்டுக்கும் இதே கதி. நிஜமாகவே பிளக்கைப் பிடுங்கினால் ஒரு நாளைக்கு எத்தனை முறை பிடுங்க முடியும்? எனவே வட்டுக்குப் பதிலாக ஒரு போலி வட்டை வைத்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்துகிறார்கள். வட்டில் இன்னும் உறுதியாகப் பதியாத பகுதிகளை வேண்டுமென்றே முன்பின்னாகக் கலைத்து, கொஞ்சம் கெடுத்தும் வைக்கிறார்கள். நிஜ மின்வெட்டும் அதைத்தானே செய்யும். பிறகு கோப்பைத் திறந்தால், கடைசி மாற்றம் முழுதாக இருக்க வேண்டும், அல்லது அறவே இருக்கக் கூடாது. பாதி என்ற பேச்சுக்கே இடமில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. சோதனைகளே தூங்கிவிட்டால்? நிரலை இயந்திர மொழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ‘இப்படியானால் அங்கே போ’ என்று பிரியும் ஒவ்வொரு கட்டளையையும் ஒவ்வொன்றாக வேண்டுமென்றே கெடுக்கிறது ஒரு சிறு நிரல்: எப்போதும் போ, அல்லது போகவே போகாதே. கெடுத்ததைச் சோதனைகள் பிடித்தாக வேண்டும். பிடிக்காவிட்டால் குறை சோதனையில்.

இத்தனைக்கும் பிறகு, விமான மென்பொருளுக்குக் கேட்கும் தரத்தில் ஒவ்வொரு கிளையும் இரு பக்கமும் சோதிக்கப்பட்ட பிறகும், 2015-இல் மிகாவ் சலேவ்ஸ்கி என்பவர் ஏஎஃப்எல் என்ற தன் கருவியை இதன்மேல் ஏவினார். ஏதோ ஒரு முயல் இனத்தின் பெயர் அதற்கு. சரியான உள்ளீட்டை எடுத்து அங்கங்கே எழுத்தை மாற்றும். நிரல் இதுவரை போகாத வழியில் போனால் அந்த மாற்றத்தை வைத்துக்கொண்டு அதிலிருந்து மேலும் திரிக்கும். தெரிந்து செய்வது எதுவுமில்லை. ஆனாலும் லைப்ரரி பல இடங்களில் குப்புற விழுந்தது. எல்லாக் கிளையிலும் ஏறிப் பார்ப்பது வேறு, எந்தெந்த வரிசையில் ஏறலாம் என்பது வேறு. நல்ல மனத்தோடு சோதனை எழுதுகிறவருக்கு அப்படிக் கோணல் வழி தோன்றாது.

விழவைத்த இடங்களைத் திருத்தினார்கள். இப்போது அப்படிப்பட்ட கருவிகள் ஓயாமல் ஓடுகின்றன. அவை கண்டெடுத்த விசித்திர உள்ளீடுகளை எறியாமல் சேர்த்துவைத்து, ஒவ்வொரு சோதனையின்போதும் திரும்ப ஓட்டுகிறார்கள். அவற்றைச் சேர்த்து வைத்திருப்பது எங்கே என்கிறீர்கள்? எஸ்க்யூலைட் கோப்புகளில்தான்.